இரும்பை மட்டும் பார்க்கும் மிஷின்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். போனில் நாலு வரி தட்டிப் பார்த்தேன், கட்டை விரல் வலித்தது, கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். ஆனால் எங்கள் காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இந்தக் கதையை ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். டீக்கடையில் கேட்டால் காலேஜில் மிஷின் வெடித்துவிட்டது என்கிறார்கள். பக்கத்து ரப்பர் கம்பெனி வாட்ச்மேன், என் நண்பனுக்கு மூளையில் கட்டி என்றே முடிவு கட்டிவிட்டார். அவனைப் பார்க்கும்போதெல்லாம் கண் கலங்கி ஒரு வாழைப்பழம் கொடுக்கிறார். அவனும் மறுக்காமல் வாங்கித் தின்கிறான். நடந்ததைக் கூட இருந்து பார்த்தவன் நான். சரி, எழுதித் தொலைப்போம் என்று மறுபடி போனை எடுத்தேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம் வரை போனேன். அதற்கு மேல் அவர்களுக்கும் என்னைப் பிடிக்கவில்லை, எனக்கும் அவர்களைப் பிடிக்கவில்லை. இப்போது மோட்டாருக்குக் காயில் சுற்றும் ஒரு சின்ன கம்பெனியில் குட்டி யானை ஓட்டுகிறேன். யானை என்றால் சரக்கு வண்டி. சரக்கை ஏற்றுவது, இறக்குவது, நடுவில் கிடைக்கும் நேரத்தில் எல்லோரையும் வம்புக்கு இழுப்பது, இவை என் வேலை. மூன்றாவதற்குத் தனியாகச் சம்பளம் தருவதில்லை.

என் நண்பன் அந்தக் கம்பெனியின் வைண்டர். மோட்டார், டிரான்ஸ்பார்மர் எதுவானாலும் செம்புக் கம்பியைச் சுற்றி காயிலாக்குவான். கம்பி மேல் கம்பி ஏறாமல், இடைவெளி தெரியாமல் சுற்றுவான். அதைப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கும். அதனால் அவனிடம், "இன்னாடா, ஜடை பின்னிகினு கீறியா? பூ வாங்கியாரட்டுமா?" என்பேன். அவன் ஸ்பேனரைத் தூக்குவான். இப்படித்தான் எங்கள் நாள் ஓடும்.

சிக்கல் என்னவென்றால், வைண்டிங் வேலை குறைந்துகொண்டே வந்தது. மோட்டார் எரிந்தால் இப்போது யாரும் சுற்றிப் போட்டுக்கொள்வதில்லை, புதிதாக வாங்கிவிடுகிறார்கள். முதலாளி ஒருநாள் அவனைக் கூப்பிட்டு, "இந்தக் காலேஜ் வேலை பாஸாச்சின்னா பெரிய காயில் ஆர்டர் வரும். இல்லன்னா வைண்டிங் செக்‌ஷன மூடிடறேன்பா, என்ன தப்பா நெனைக்காத" என்று சொல்லிவிட்டார்.

மூடினால் என் நண்பன் வேறு வேலை தேடிக்கொள்வான், அதற்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். அவன் தேட வேண்டியதே இல்லை, வேலை தயாராகக் காத்திருந்தது. அதுதான் அவனுடைய பயமே. அவனுடைய மாமனார் கும்மிடிப்பூண்டியில் இரும்பு ரோலிங் மில்லில் ஃபோர்மேன். செக்‌ஷன் மூடினால் மாப்பிள்ளை அவருக்குக் கீழே வேலைக்குச் சேர வேண்டும், அவர் வீட்டு மாடியிலேயே குடியிருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்து, மாடியில் ரூமும் போட்டு, பெயிண்டும் அடித்துவிட்டார்.

மாமனார் கெட்டவர் இல்லை. வீட்டையும் மில்லாக நினைப்பவர், அவ்வளவுதான். அந்த வீட்டில் பாத்ரூமுக்கு ஷிப்ட் உண்டு. யார் முதலில், யார் அடுத்து என்று அவர் சொல்வார். ஒருத்தர் உள்ளே கொஞ்சம் நேரம் எடுத்தால் வெளியே நின்று, "இன்னா உள்ள பிரேக்டவுனா?" என்று கேட்பார். வருடக்கணக்காக உருளைகளின் சத்தத்தில் நின்று காது மந்தமாகிவிட்டதால், குசலம் விசாரித்தாலும் சண்டை போடுவது போலவே இருக்கும். தினமும் எங்கள் நாஷ்டா நேரத்தில் போன் செய்வார். ஸ்பீக்கரில் போடத் தேவையில்லை, வடகறி விற்பவருக்கும் கேட்கும்.

"மாப்ளே! இன்னா பண்ணிகினு கீற?"

"காயில் சுத்திகினு கீறேன் மாமா."

"சுத்து, சுத்து. நூல்கண்டு சுத்துறதெல்லாம் ஒரு வேலையா நைனா? இங்க வந்து பாரு. பழுக்கப் பழுக்க கம்பி பாம்பு மாதிரி ஓடும். ஆம்பள வேல! ரூம்புக்கு ஃபேன் கூட மாட்டிட்டேன்!"

போனை வைத்ததும் என் நண்பன் இட்லியைத் தொடமாட்டான். நான் எடுத்துச் சாப்பிடுவேன். வீணாகக் கூடாது இல்லையா?

அந்தக் காலேஜ் வேலையைப் பற்றிச் சொல்கிறேன். திருவள்ளூரைத் தாண்டி ஒரு இன்ஜினியரிங் காலேஜ். அங்கே ஒரு மேடம் ஒரு ஸ்கேன் மிஷினைச் சின்ன அளவில் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு எலி உள்ளே போகும் அளவு. எக்ஸ்ரே கிடையாது, நம் ஆஸ்பத்திரிகளில் உள்ள பெரிய குகை மாதிரி ஸ்கேனும் கிடையாது. இது இரும்பை மட்டும் பார்க்கும்.

முதல் தடவை எங்கள் கம்பெனிக்கு வந்தபோது மேடம் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைக் காட்டினார். உள்ளே பால் விடாத காபி மாதிரி ஏதோ இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "குடிக்கிறதுக்கு இல்ல தம்பி" என்றார். அதில் இருப்பது இரும்புத் துகளாம். ஒரு தலைமுடியின் குறுக்கே ஆயிரக்கணக்கில் வரிசையாக நிற்கும் அளவு பொடியாம். அதை ரத்தத்தில் விட்டால் ரத்தம் போகும் இடமெல்லாம் அதுவும் போகும். அது எங்கே இருக்கிறது என்று மிஷின் கண்டுபிடித்தால் ரத்தக் குழாயின் முழு உருவமும் கிடைத்துவிடும். போட்டோ மாதிரி தட்டையாக இல்லை, முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்கிற மாதிரி. எலும்பு தெரியாது, சதை தெரியாது, இரும்பு மட்டும் தெரியும்.

"அவ்ளோ பொடிய எப்பிடி மேடம் கண்டுபுடிக்கும்?" என்று என் நண்பன் கேட்டான். அவர் போர்டில் அம்புக்குறியாகப் போட்டு விளக்கினார். அவன் தலையாட்டினான். அவன் தலையாட்டினால் புரியவில்லை என்று அர்த்தம். எனக்குப் புரிந்ததை நான் சொல்கிறேன், மேடம் படித்தால் திட்டட்டும்.

காலையில் கடம்பத்தூரில் லோக்கல் டிரெயின் ஏறுகிறீர்கள். நெரிசல். மூக்கு அரித்தாலும் சொறிய முடியாது, கை எங்கே இருக்கிறது என்றே தெரியாது. டிரெயின் குலுங்கினாலும் யாரும் அசைய மாட்டார்கள், அவ்வளவு இறுக்கம். ஆனால் நடுவில் எங்கோ ஒரு ஆள் தாராளமாக நிற்கும் அளவு இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரெயின் குலுங்கும்போது அந்த இடத்தில் நிற்பவன் மட்டும் ஆடுவான். இந்த மிஷினும் அப்படித்தான். ரெண்டு பக்கமும் காந்தம் வைத்து எல்லாத் துகளையும் இறுக்கிப் பிடித்துவிடும், நடுவில் ஒரு புள்ளியில் மட்டும் பிடி இருக்காது. அப்புறம் மொத்தத்தையும் ஒரு குலுக்கு குலுக்கும். அந்தப் புள்ளியில் துகள் இருந்தால் ஆடும், ஆடினால் சிக்னல் வரும், இல்லையென்றால் வராது. அப்படியே புள்ளியை உடம்பு முழுக்க நகர்த்திக்கொண்டே போனால், எங்கெங்கே ஆள் இருக்கிறான் என்று படம் கிடைத்துவிடும். அந்த ஆட்டத்தைக் கேட்கும் காதுதான் எங்கள் காயில். அதை என் நண்பன் சுற்ற வேண்டும்.

மேடம் போட்ட சட்டம் ஒன்றுதான், ஆனால் அதை ஆயிரம் தடவை சொன்னார். காயில் சுற்றும் இடத்தில் இரும்புத் தூசி இருக்கக் கூடாது. இந்த மிஷினுக்கு இரும்பைத் தவிர வேறெதுவும் தெரியாது என்பதால், நம் ஊர் தூசியில் துளி இரும்பு ஒட்டிக்கொண்டு போனாலும் அதையும் படத்தில் போட்டுவிடும். இரும்பு ஸ்பேனர் கூடாது, மார்க் பண்ண பெயிண்ட் கூடாது, ஸ்டேப்ளர் பின் அடித்த அட்டைப் பெட்டி கூடாது.

என் நண்பன் அதைச் சாமி உத்தரவாக எடுத்துக்கொண்டான். வைண்டிங் ரூமை ஈரத்துணியால் துடைத்தான். கையில் போட்டிருந்த காப்பு, பெல்ட், எல்லாவற்றையும் கழற்றினான். பெல்ட் இல்லாததால் பேண்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒரு கையால் வேலை செய்தான். என்னை அந்த ரூம் வாசலிலேயே நிறுத்திவிட்டான்.

"நீ வராத. நேத்து கும்மிடிப்பூண்டி போய்ட்டு வந்த, உன் தலையில ஒரு மில்லே கீது."

"உன் மாமனார் மில்லுடா. சீதனமா வெச்சிக்க."

முதலில் சுற்றிய காயில் சூடு தாங்காமல் பிளாஸ்டிக் குழாயோடு இளகிவிட்டது. அது குழாயின் குற்றம் என்று மேடமே சொன்னார். வேறு குழாய் கொடுத்தார், அவன் மறுபடி சுற்றினான். ரெண்டாவது காயில் முடிந்த மறுநாளே, பணம் ஒதுக்கும் டாக்டர்கள் மிஷினைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. அவர்கள் சரி என்று தலையாட்டினால் மனிதத் தலை உள்ளே போகும் அளவு பெரிய மிஷின். அதற்குக் காயில் எங்களிடம். தலையாட்டாவிட்டால், மாடி ரூம், ஃபேன், பாத்ரூம் ஷிப்ட்.

ரெண்டாவது காயில் அழகாக வந்திருந்தது. அழகாக வந்தால் தொல்லை. முதலாளி வந்து, "ஆகா" என்றார். ரப்பர் கம்பெனி வாட்ச்மேன் எட்டிப் பார்த்து, "தங்க வளையல் கணக்கா கீதுபா" என்றார். எதிர் ஷெட்டில் லேத் ஓட்டுபவர்கள் வரிசையாக வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். ஒவ்வொருத்தர் புகழும்போதும் என் நண்பனின் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

மறுநாள் காலை வண்டியில் ஏற்றும் நேரத்தில், "நீ போய் வண்டிய ஸ்டார்ட் பண்ணு, நான் ஒரு நிமிஷத்துல வரேன்" என்றான்.

"இன்னாடா, முத்தம் குடுக்கப் போறியா?"

"போடா டேய்."

காயிலை வெள்ளைத் துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போவது போல வண்டி ஓட்டினேன். ஸ்பீட் பிரேக்கர் வரும்போதெல்லாம், "மெல்ல, மெல்ல" என்றான். நான் வேண்டுமென்றே ஹாரன் அடித்து, "கொழந்த முழிச்சிக்கிச்சாடா?" என்று கேட்டேன்.

லேபில் மேடம் காயிலை மாட்டினார். டாக்டர்கள் மதியத்துக்கு மேல்தான் வருவார்கள், அதற்குள் ஒருதடவை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றார். உள்ளே வைப்பதற்கு பிளாஸ்டிக்கில் செய்த ஒரு எலி. எலிக்குள்ளே மெல்லிய குழாய் ரத்தக் குழாய் மாதிரி வளைந்து வளைந்து போகிறது. ஒரு இடத்தில் குழாயை நெருக்கி வைத்திருந்தார், அடைப்பு மாதிரி. அதில் அந்தக் கறுப்புக் காபியை ஏற்றி, எலியை மிஷினுக்குள் தள்ளினார்.

ஸ்கிரீனில் படம் வந்தது. எலியே இல்லை, குழாய் மட்டும் அந்தரத்தில் மிதந்தது. மேடம் மவுஸால் திருப்பத் திருப்ப அது சுற்றியது. நெருக்கிய இடம் இடுப்பு மாதிரி ஒடுங்கித் தெரிந்தது. எனக்கே வாயில் வம்பு வரவில்லை, அவ்வளவு நன்றாக இருந்தது.

ஆனால் குழாய்க்குக் கீழே, யாரும் கூப்பிடாமல், ஒரு உருண்டை.

"இது என்ன?" என்றார் மேடம்.

யாருக்கும் தெரியவில்லை. காபி கசிந்திருக்குமோ என்று எலியை எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தார். உருண்டை இருந்தது. எலியைத் தலைகீழாக வைத்தார். குழாய் தலைகீழானது, உருண்டை நகரவில்லை. அப்புறம் எலியை வெளியே எடுத்துவிட்டு வெறும் மிஷினை ஓட்டினார். குழாய் போய்விட்டது. உருண்டை மட்டும் ஸ்கிரீனில் குந்திக்கொண்டு எங்களைப் பார்த்தது.

"எலியில இல்ல. காயிலுக்கு உள்பக்கம்தான் ஏதோ இருக்கு" என்றார்.

நான் என் நண்பனைப் பார்த்தேன். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. அந்த மிஷினில் அவனை வைத்தால் ஒன்றும் தெரிந்திருக்காது.

மேடம் போன் டார்ச்சைப் போட்டு, குனிந்து, காயில் குழாய்க்குள் பார்த்தார். அடியில், வெள்ளைப் பிளாஸ்டிக்கில், உருண்டையாக, கன்னங்கரேல் என்று ஒரு பொட்டு.

"தம்பி, இது என்ன?"

"திருஷ்டிப் பொட்டு மேடம்" என்றான், தரையைப் பார்த்தபடி.

இதை விளக்க வேண்டும். எங்கள் கம்பெனியில் எந்த வேலை முடிந்து வெளியே போனாலும், யார் கண்ணுக்கும் படாத இடத்தில் ஒரு கறுப்புப் பொட்டு வைப்பது வழக்கம். கைக்குழந்தைக்குக் கன்னத்தில் வைப்பது மாதிரி. மோட்டாருக்கு அடிப்பக்கம், டிரான்ஸ்பார்மருக்கு மூடிக்கு உள்ளே. எப்போதும் கறுப்புப் பெயிண்டில்தான் வைப்போம்.

"பெயிண்ட் கூடாதுன்னு சொல்லியிருந்தேனே?"

"பெயிண்ட் இல்ல மேடம்! நீங்க சொன்னப்பறம் பெயிண்ட் வெப்பேனா? பெயிண்ட்ல இரும்பு கிரும்பு இருக்கும்னு, ஊட்லேர்ந்து கண்மை எடுத்தாந்தேன். பச்சக் கொழந்த கண்ணுலயே வெக்கிறாங்க, அதுல இன்னா இருக்கப் போவுதுன்னு…"

சட்டைப் பையிலிருந்து ஒரு மைப் பென்சிலை எடுத்து நீட்டினான். கடையில் வாங்கும் பளபளப்பான பென்சில். மேடம் அதை வாங்கி ஒரு துண்டுப் பேப்பரில் ஒரு கோடு இழுத்து, பேப்பரை மிஷினுக்குள் தள்ளினார். ஸ்கிரீனில் பழைய உருண்டைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கோடு.

மேடம் சிரித்துவிட்டார். கடையில் விற்கும் மையில் கறுப்பு வருவதற்கு இரும்பு ஆக்ஸைடு போடுவார்களாம், நிறையக் கம்பெனிக்காரர்கள். காந்த ஸ்கேனுக்குப் போகும் பெண்களை மையை அழித்துவிட்டு வரச் சொல்வதும் இதற்குத்தானாம். "எனக்கே தெரியும், ஆனா நீங்க இத செய்வீங்கன்னு தெரியாதே" என்றார். நான் அவர் கண்ணைப் பார்த்தேன். நன்றாகத் தீட்டியிருந்தார்.

"மேடம், உங்க தலய மட்டும் உள்ள உட்டுடாதீங்க" என்றேன்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க தம்பி."

என் நண்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. "மேடம், கம்ப்யூட்டர்ல அத மட்டும் அழிக்க முடியாதா?" என்றான்.

"முடியும். வெறும் மிஷின் படத்த இதுலேர்ந்து கழிச்சிட்டா போயிடும். ஆனா ஒண்ண அழிச்சிருக்கேன்னு சொன்னா, இன்னும் எதை எதை அழிச்சேன்னு கேப்பாங்க. துடைச்சிடலாம்."

இதைக் கேட்டதுமே என் நண்பன் தன் கர்ச்சீப்பை எடுத்து, கையை உள்ளே விட்டு, அழுத்தி ஒரு தேய் தேய்த்துவிட்டான். மேடம் "வேணா" என்று சொல்வதற்குள் முடிந்துவிட்டது. மறுபடி ஓட்டிப் பார்த்தால் உருண்டைக்கு வால் முளைத்திருந்தது.

"எலி கெடச்சிடுச்சிடா" என்றேன். அவன் என்னை அடிக்கவில்லை. அப்போதுதான் அவன் எவ்வளவு பயந்திருக்கிறான் என்று எனக்குப் புரிந்தது.

அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. அவன் மனைவி. அவன் கை முழுக்க மை, அதனால் நான் எடுத்து, நல்ல பிள்ளையாக ஸ்பீக்கரில் போட்டேன்.

"யோவ், என் மைப் பென்சிலு எங்க? காலையிலேர்ந்து ஊடு பூரா தேடிகினு கீறேன்."

"அது… எங்கிட்டதான் கீது."

"உங்கிட்டயா? உனக்கு இன்னாத்துக்கு?"

"அத அப்பால சொல்றேன். மொதல்ல இத சொல்லு, அந்த மை பட்டுட்டா எப்பிடி போவும்?"

அந்தப் பக்கம் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் நின்றது.

"எங்க பட்டுச்சி?"

"இங்க ஒரு மேடம் கீறாங்க, அவங்களுக்கு ரொம்ப அர்ஜென்ட்டு…"

"எவ அவ மேடம்? என் மைய எடுத்துகினு போய் எவளுக்குயா குடுத்த? நீ ஊட்டுக்கு வா!"

மேடம் போன் பக்கம் குனிந்தார். "அம்மா, நான்தான் அந்த மேடம். உங்க வீட்டுக்காரர் என் மிஷினுக்கு மை வெச்சிட்டாரு. எப்படி துடைக்கிறதுன்னு மட்டும் இப்ப சொல்லுங்க. மீதிய அவர் வீட்டுக்கு வந்ததும் விசாரிச்சுக்கோங்க."



"மிஷினுக்கா?" பிறகு குரல் மாறிவிட்டது. "மேடம், அது வாட்டர் ப்ரூப்பு. தண்ணியில போவாது, தேச்சா இழுக்கும். தேங்கா எண்ணெய பஞ்சுல தொட்டு ஒத்தி ஒத்தி எடுங்க. ஏன் மேடம், அந்தாளு வேல போயிடுமா?"

"பாக்கலாம்மா."

"எப்பிடியாவது பாஸ் பண்ணி உட்ருங்க மேடம். எங்கப்பா ஊட்லேர்ந்து நான் தப்பிச்சி வந்ததே இந்தக் கல்யாணத்தாலதான். மறுபடி அங்கியே அனுப்பிடாதீங்க."

அதுவரை என் நண்பன், மனைவிக்குத் தாய்வீட்டுப் பக்கம் போவதில் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டிருந்தான். அவளும் அவனைப் பற்றி அப்படித்தான் நினைத்தாளாம். கல்யாணமான பிறகு ரெண்டு பேரும் இந்த ஒரு விஷயத்தை மட்டும் பேசிக்கொள்ளவே இல்லை.

தேங்காய் எண்ணெய் தேடி நான் ஓடினேன். கேன்டீனில் சன்ஃபிளவர் எண்ணெய்தான் இருந்தது. பெண்கள் ஹாஸ்டல் கேட்டில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் போய்க் கேட்டேன்.

"தலைக்கா?" என்றார், என் தலையைப் பார்த்து.

"மிஷினுக்குக்கா."

"மிஷினுக்குத் தேங்கா எண்ணெயா? இந்த வேலயெல்லாம் வேற கேட்ல வெச்சிக்க."

"அக்கா, ஒருத்தன் மாமனார் ஊட்டுக்குப் போவாம தப்பிக்கணும்கா."

இது அவருக்கு உடனே புரிந்தது. தன் பையிலிருந்து சின்ன பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டார். இந்த மிஷினைப் பற்றி என் அளவுக்குச் சுருக்கமாக வேறு யாரும் விளக்கியதில்லை.

பஞ்சில் எண்ணெய் தொட்டு, ஒத்தி ஒத்தி, அப்புறம் ஸ்பிரிட்டால் துடைத்து, ஓட்டிப் பார்த்தோம். வால் போனது. மறுபடி துடைத்தோம். உருண்டை மங்கியது. மறுபடி. ஸ்கிரீன் காலியானது. லேப் முழுக்க எண்ணெய் தேய்த்துக் குளித்த ஞாயிற்றுக்கிழமை வாசனை.

டாக்டர்கள் ரெண்டு பேர் வந்தார்கள். ஒருத்தர் ரத்தக் குழாய் டாக்டர், வாயே திறக்காதவர். இன்னொருத்தர் தலை நரைத்தவர், எதையும் நம்பாத முகம். எலியை வைத்தார்கள், குழாய் வந்தது, சுற்றியது. நெருக்கிய இடத்தை ரத்தக் குழாய் டாக்டர் சரியாகத் தொட்டுக் காட்டினார். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. நரைத்தவர் கையைக் கட்டிக்கொண்டார்.

"குழாய வெச்சவங்களும் நீங்க, கண்டுபிடிக்கிறவங்களும் நீங்க. எங்க இருக்குன்னு உங்களுக்கே தெரியுமே. தெரியாத ஒண்ண காட்டுமா இது?"

மேடம் ஒரு நொடி யோசித்தார். அப்புறம் காலையில் எடுத்த படத்தைத் திறந்தார். உருண்டை. வால். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார், தேங்காய் எண்ணெய் வரைக்கும். ரத்தக் குழாய் டாக்டர் சத்தமாகச் சிரித்தார். நரைத்தவர் சிரிக்கவில்லை.

"மை வெச்சது யாரு?"

என் நண்பன் கையைத் தூக்கினான், கிளாஸில் மாட்டிக்கொண்டவன் மாதிரி.

"அந்த மை இன்னும் இருக்கா? இருந்தா எலிய எடுத்துக்கிட்டு வெளியே போங்க. எங்கயாவது ஒரு பொட்டு வெச்சி, மேல டேப் ஒட்டி எடுத்துட்டு வாங்க. எங்கன்னு யாருகிட்டயும் சொல்லக் கூடாது. எலி மேல பூரா டேப் ஒட்டிடுங்க, கண்டுபிடிக்கிற மாதிரி இருக்கக் கூடாது."

நாங்கள் ரெண்டு பேரும் வராந்தாவில் உட்கார்ந்து ஒரு பிளாஸ்டிக் எலிக்கு அலங்காரம் பண்ணினோம். அவன் மைப் பென்சிலை எலிக்குப் பக்கத்தில் கொண்டுபோவதும் எடுப்பதுமாக இருந்தான். கம்பி சுற்றும்போது அவன் இப்படித் தயங்கிப் பார்த்ததில்லை.

"பெருசா வைடா" என்றேன்.

"பெருசா வெச்சா ஒத்துக்க மாட்டாரு. சின்னதா வெச்சா மிஷினுக்குத் தெரியலன்னா?"

"தெரியலன்னா கும்மிடிப்பூண்டியில ஃபேன் காத்து."

"டேய், வாய மூடுடா, சாமி கும்பிட்டுகினு கீறேன்."

காலையில் அந்தப் பொட்டு தெரியக் கூடாது என்று வேண்டியவன், இப்போது தெரிய வேண்டும் என்று வேண்டினான். எந்தச் சாமியாக இருந்தாலும் குழம்பிப் போயிருக்கும். கடைசியில் எலியின் இடது காதுக்குப் பின்னால், உளுந்தில் பாதி அளவுக்கு ஒரு பொட்டு வைத்து, எலி முழுக்க டேப் சுற்றினான். கட்டுப் போட்ட எலியை உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தோம்.

மிஷின் ஓடியது. குழாய் வந்தது. பொட்டு இல்லை.

என் நண்பன் சுவரில் சாய்ந்தான். நரைத்த டாக்டர் வாட்சைப் பார்த்தார். மேடம் மட்டும் பதறவில்லை. மையில் இருக்கும் இரும்பு, அவருடைய காபி அளவு நன்றாக ஆடாதாம், மந்தமாம். இன்னும் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, வந்த சிக்னலையெல்லாம் சேர்த்தால் தெரியும் என்றார். மறுபடி ஓட்டினார். எல்லோரும் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டு நின்றோம். நான்கூட வம்பு பேசவில்லை, அதை யாரும் கவனித்துப் பாராட்டவில்லை.

குழாய்க்குப் பக்கத்தில், தள்ளி, புகை மாதிரி ஏதோ கூடியது. அப்புறம் புகை இறுகியது. மேடம் படத்தைத் திருப்பி, எலியின் கோட்டு உருவத்தை அதன் மேல் வைத்து, "இடது காது. பின்னால" என்றார்.

நரைத்தவர் எலியை வெளியே எடுத்து, அவரே டேப்பைப் பிரித்தார். மெதுவாக, நகத்தால். இடது காதைப் பார்த்தார். அப்புறம் என் நண்பனைப் பார்த்தார்.

"ரொம்ப சின்னதா வெச்சிருக்கீங்க" என்றார். அவர் முகத்தில் அன்று வந்த சிரிப்பு அதுதான், அதுவும் பாதி.

போகும்போது மேடத்திடம் பெரிய மிஷினுக்கு வேலையை ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார். மேடம் எங்கள் முதலாளிக்குப் போன் செய்தார். அதே ஆள்தான் காயில் சுற்ற வேண்டும், அவருக்கு மை விற்கும் கடைப் பக்கம் அனுமதி கிடையாது என்று சொன்னார். முதலாளி எதற்கு என்று புரியாமலே சரி சரி என்றார்.

திரும்பி வரும்போது திருப்பாச்சூர் பக்கம் வண்டியை ஓரங்கட்டி டீ சாப்பிட்டோம். என் நண்பன் மனைவிக்குப் போன் செய்து சொன்னான். அந்தப் பக்கம் அவள் கத்திய கத்தலில் டீ மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். அவளுக்கு அப்பாவின் தொண்டை, சந்தேகமே இல்லை. "வரும்போது எனக்கு வேற மை வாங்கியா, எலிக்கு வெச்சத நான் கண்ணுல வெக்க மாட்டேன்" என்றும் சொன்னாள்.

"இன்னும் ஒருத்தருக்குச் சொல்லணுமே" என்றேன்.

"ஊட்டுக்குப் போய் சொல்றேன்."

"இப்பவே சொல்லுடா. ஃபேன கழட்டச் சொல்லு."

"டேய், அவரு எனக்காக ரூமு போட்டாருடா. எடுத்த எடுப்புல வரலன்னு சொன்னா மனசு நோவும். பக்குவமா சொல்லணும். இரும்புலயே பொறந்து வளந்த மனுஷன் இல்லியா, இந்த மிஷினு இரும்ப மட்டும்தான் பாக்கும் மாமா, அதுக்குக் காதே நான்தான் செய்றேன்னு பெருமையா எடுத்துச் சொன்னா ஒத்துப்பாரு."

"நல்லா சொல்லு. நூல்கண்டுன்னு சொன்ன வாயாலயே பாராட்ட வெச்சிடு."

அவனை வீட்டு முனையில் இறக்கிவிட்டு, வண்டியை ஷெட்டில் விட்டேன். சாயங்காலம் பொறுக்க முடியாமல், "மாமனாரு இன்னாடா சொன்னாரு, ஒத்துகினாரா?" என்று மெசேஜ் போட்டேன். ரொம்ப நேரம் டைப் பண்ணிக்கொண்டே இருப்பதாகக் காட்டியது. கடைசியில் ஒரு வரி வந்தது:

"பெருமையில லீவு போட்டுட்டாருடா, மிஷின பாக்கணும்னு பெட்டியோட இங்க வந்துகினு கீறாரு."